நாற்பத்திரண்டு என்று கத்திய நாள்

போன மாதம் நாமக்கல்லில் உங்கள் தையல் கடைக்கு என் தங்கை மகளோடு வந்திருந்தேன். என்னை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. தையல் சுத்தமாக இருக்கிறது. கழுத்து வெட்டுவதில் எங்கள் காலத்தைவிட நீங்கள் நாலடி முன்னே போய்விட்டீர்கள். ஆனால் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்களில் ஒருத்தி ஒரு பெண்ணுக்கு அளவெடுத்துக்கொண்டே, உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவளுக்குக் கேட்கும்படி "நாப்பத்தாறு" என்று குரல் கொடுத்தாள். அளவு கொடுத்த பெண் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டாள். நீங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன். ஆனால் அந்தக் குறையின் முதல் சொந்தக்காரி நான்தான்.

எழுபதுகளின் கடைசியில் பரமத்தி வேலூர் கடைவீதியில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. பெண்களுக்குப் பெண்ணே தைக்கும் கடை அந்தச் சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான். காவிரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள், வாழை போட்டவர்கள், அவர்களிடம் வேலைக்குப் போகிறவர்கள் எல்லார் வீட்டுப் பெண்களும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். ஊரில் எனக்கு டைலரக்கா என்று பெயர். என் சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

கூட்டாளி சரோஜா. வெட்டுவது அவள், தைப்பது இரண்டு பேரும், அளவெடுப்பது நான். நான் வாசல் பக்கம் நின்று டேப்பைப் பிடித்து எண்ணைக் கத்துவேன், அவள் உள்ளே வெட்டுமேசையில் இருந்தபடி நோட்டில் எழுதுவாள். மிஷின் சத்தத்தையும் கரூர் பஸ்ஸின் ஹாரனையும் தாண்டி என் குரல் போகும். அதில் எனக்கு ஒரு பெருமை.

இதில் ஒரு தொழில் சங்கதி உண்டு. நான் கத்தியது உடம்பின் அளவு அல்ல. உடம்பளவோடு லூசுக்கு இரண்டு அங்குலம், உள்தையலுக்கு இரண்டு அங்குலம், ஆக நாலு கூட்டித்தான் சொல்வேன். சரோஜா அதை அப்படியே துணியில் போட்டு வெட்டிவிடலாம், நின்று கணக்குப் போட வேண்டியதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்போதே நல்ல குண்டு. ரிக்‌ஷாக்காரர் என்னைக் கண்டால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதாகச் சரோஜா கிண்டல் செய்வாள், நானும் சேர்ந்து சிரிப்பேன். என் உடம்பு எனக்கு ஒரு நாளும் பாரமாக இருந்ததில்லை. எனக்கு வலிக்காதது வேறு யாருக்கும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு இதிலிருந்துதான் வந்தது.

மரகதம் கொடிக்கால்காரர் மகள். இருபத்து மூன்று வயது. பக்கத்துக் கிராமத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். நல்ல தோள், நல்ல கை, சைக்கிளை ஒரே மிதியில் கிளப்பிக்கொண்டு போகிற பெண். மல்லசமுத்திரத்தில் மாப்பிள்ளை பேசி, இருபத்தைந்து நாளில் முகூர்த்தம் என்று வைத்திருந்தார்கள். முகூர்த்தச் சேலைக்கான ஜாக்கெட்டை மாப்பிள்ளை வீட்டார் துணி எடுத்து, அவர்களே தைத்துக் கொண்டுவந்து பெண்ணுக்கு வைப்பது அந்த வீட்டு முறை. அதனால் மாப்பிள்ளையின் அக்கா துணியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து, மரகதத்தையும் கடைக்கு வரச் சொல்லியிருந்தார். தனக்கும் ஒரு துணி கொண்டுவந்திருந்தார். அதற்கு அளவு ஜாக்கெட் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். கல்யாண ஜாக்கெட் என்பதால் மரகதத்துக்கு மட்டும் உடம்பிலேயே அளவெடுக்க வேண்டியிருந்தது.

பெஞ்சில் அன்றைக்கு ஆறு பேர். நான் டேப்பைச் சுற்றினேன். முப்பத்தெட்டு. நாலு கூட்டினேன்.

"உடம்புச் சுத்து நாப்பத்தி ரெண்டு" என்று கத்தினேன்.

மாப்பிள்ளையின் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நாப்பத்தி ரெண்டுங்களா? எங்கம்மாளுக்கே முப்பத்தெட்டுதானுங்க. திருச்செங்கோட்டு டைலர் எங்காதுபடச் சொன்னாரு. மாமியாளத் தூக்கிச் சாப்புடற மருமவளால்ல வருது" என்றார்.

பெஞ்சு சிரித்தது. அவர் கெட்ட எண்ணத்தில் சொன்ன மாதிரி தெரியவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா. "துணி பத்துமான்னு பாருங்க, இன்னொரு முழம் எடுத்துட்டு வாரீங்களா" என்று நானும் ஒரு போடு போட்டேன். இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மரகதமும் சிரித்தாள். அளவெடுத்து முடிந்ததும் சேலை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனாள், ஏறவில்லை. இதெல்லாம் அன்றைக்கே என் கண்ணில் பட்டதுதான், ஆனால் நான் அதற்குள் அடுத்தவளுக்கு அளவெடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

பத்து நாள் கழித்துப் போட்டுப் பார்க்க வந்தாள். ஜாக்கெட் தொளதொளவென்று நின்றது. எனக்குக் கோபம் சரோஜா மேல் வந்தது. "எங்கடி பார்த்து வெட்டுன" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நாற்பத்திரண்டுதான் எழுதியிருந்தது, துணியும் நாற்பத்திரண்டுக்குத்தான் வெட்டியிருந்தது. அப்படியானால் நான்தான் டேப்பைத் தப்பாகப் பார்த்திருக்க வேண்டும். அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல், இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்பச் சந்தோசங்க அக்கா" என்றாள். ஜாக்கெட் லூசாக இருந்ததற்குச் சந்தோஷப்பட்டவளை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மறுபடி வந்தாள். அன்று சாயங்காலம் மாப்பிள்ளையின் அக்கா வந்து ஜாக்கெட்டை வாங்கிப்போவதாக ஏற்பாடு. மத்தியானம் இரண்டு மணி வெயில். போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். பிடித்துத் தைத்ததற்கு அப்புறமும் துணி தொங்கியது. முகத்தில் எலும்பு தெரிந்தது. கையிலிருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. உதடு வெடித்திருந்தது.

"இன்னொரு சுத்து புடிச்சுக்குங்க அக்கா. முப்பத்தெட்டு வந்துருச்சான்னு பாருங்க" என்றாள்.

"என்ன கண்ணு சாப்புடற?" என்று கேட்டேன்.

"கொள்ளுத் தண்ணிங்க. நீர்மோருங்க. பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டு போறனுங்க, புள்ளைங்களுக்குக் குடுத்தர்றன்" என்று பெருமையாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கால் மடங்கி மிஷின் ஓரமாக உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்துவிட்டாள்.

இளைய பெண்களே, இந்த இடத்தில்தான் புத்தி வேலை செய்ய வேண்டும். கத்தி ஆள் கூப்பிட்டால் கடைவீதி முழுக்கக் கூடிவிடும். கல்யாணப் பெண் மயங்கி விழுந்தாள் என்றால் நம் பக்கத்தில் அடுத்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வலிப்பு என்பார்கள், தீராத நோவு என்பார்கள். பொழுது சாய்வதற்குள் அது மல்லசமுத்திரம் போய்ச் சேரும், கல்யாணம் நிற்கும். மூடி மறைத்து ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினால், அவள் இன்னும் ஐந்து நாள் பட்டினி கிடந்து மணவறையில் விழுவாள். பெஞ்சில் நல்ல வேளையாக இரண்டே பேர் இருந்தார்கள், அவர்கள் வெற்றிலை விலையில் மூழ்கியிருந்தார்கள். சரோஜாதான் முதலில் சுதாரித்தாள். வாசலுக்குப் போய், "மெசின் ஊசி ஒடஞ்சு போச்சுங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டுப் பாதிக் கதவைச் சாத்தினாள். இன்றைக்கும் அந்தப் பொய்க்காக அவளைக் கும்பிடுகிறேன்.

தண்ணீர் தெளித்ததும் மரகதம் கண் விழித்தாள். மெல்ல எழுப்பி வெட்டுமேசை மேல் சாய்த்து உட்காரவைத்து, சரோஜா தன் தூக்குப்போசியைத் திறந்தாள். சோறும் மோரும் ஊறுகாயும். மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னும் அஞ்சு நாளுதானுங்க அக்கா" என்றாள்.

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அன்றைக்கு நான் கத்தியது துணியின் அளவு, அதில் நாலு அங்குலம் நான் கூட்டியது, டேப்பில் இருந்தது முப்பத்தெட்டு என்று சொன்னேன். அவள் எந்த எண்ணை எட்டப் பட்டினி கிடந்தாளோ, அந்த எண்ணில்தான் முதல் நாளே நின்றிருந்தாள். மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே அளவு. அதைக் கேட்டதும் அவள் சிரிப்பாள், இல்லை அழுவாள், பிறகு சாப்பிட்டுவிடுவாள், என் தப்பும் அத்தோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என்னை நேராகப் பார்த்தாள். டீச்சர் பார்வை.

"அப்ப நெசமாலுமே நாப்பத்தி ரெண்டா இருந்திருந்தா, நான் பட்டினி கெடந்தது செரிதானுங்களா அக்கா?" என்று கேட்டாள்.

நான் அவளுக்குச் சமாதானம் என்று சொன்னது என்ன? நீ குண்டு இல்லை, அதனால் சாப்பிடு என்றுதானே. குண்டாக இருந்தால் சாப்பிடாதே என்பதும் அதற்குள்ளேயே இருந்தது. எண்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு நான் அதைச் சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

பதில் கையில்தான் வந்தது. அந்த ஜாக்கெட்டை வாங்கி, கத்தரியால் நான் பிடித்த தையல் முழுவதையும் அவள் கண் முன்னாலேயே பிரித்தேன். இரண்டு பக்கமும் பழையபடி அகலமாகிவிட்டது.

"இருந்திருந்தா, நாப்பத்தி ரெண்டுக்கு அழகா வெட்டறதுக்கு இவ இருக்கறா. அழகாத் தெக்கறதுக்கு நான் இருக்கறேன். அதுக்குத்தான சாமி நாங்க கடை போட்டு ஒக்காந்திருக்கறோம். துணிய வெட்டறது எங்க வேலை. ஒடம்ப வெட்டறது உன்ற வேலையில்ல. இனி இதுல ஒரு நூலு கூடப் புடிக்க மாட்டேன்" என்றேன்.

அவள் பிரிந்து கிடந்த துணியைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தாள். பிறகு போசியை இழுத்துக்கொண்டாள். முதல் மூன்று வாய் மெதுவாகப் போனது. அதற்கப்புறம் சரோஜாவுக்கு ஊறுகாய்கூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அக்கா வந்தார். அதற்குள் கதவைத் திறந்துவிட்டோம், பெஞ்சிலும் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். மரகதம் திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். எழுந்து வெளியே வந்தவளைப் பார்த்ததும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

"என்னுங்க இது, புள்ள இப்பிடி எளச்சுப் போயிருக்குது? ஏதாச்சும் நோவுங்களா?" என்று என்னைக் கேட்டார். குரலில் பயம் இருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

இதற்குப் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது. ஊசி ஒடிந்தது என்று சொல்லலாம், இதற்குச் சொல்லக் கூடாது. "நோவில்லீங்க. பட்டினி. அன்னைக்கு நீங்களும் நானும் சிரிச்சமே, அதுல வந்த பட்டினி. நான் கத்துனது துணிக்கு வெட்டற அளவுங்க, புள்ளையோட அளவில்ல. அதச் சொல்லாதது மொதத் தப்பு. மேல ஒரு கிண்டல் பண்ணுனது ரெண்டாவது தப்பு. ரெண்டும் என்னோடது" என்றேன்.

"அப்ப நெச அளவு எவ்வளவுங்க?" என்று கேட்டார். முப்பத்தெட்டு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அந்த நிமிடமே எல்லாம் சுமுகமாகியிருக்கும். மரகதம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

"அது எனக்கும் துணிக்கும் உள்ள பேச்சுங்க. உங்க அளவு ஜாக்கெட்டும் எங்கிட்டத்தான் கெடக்குது. அத அளந்து யாருகிட்டயாச்சும் சொன்னனுங்களா?" என்றேன்.

அந்த அம்மா சேலையை இழுத்து மூடிக்கொண்டார். அந்த அசைவு எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். கோபித்துக்கொண்டு துணியைப் பிடுங்கிக்கொண்டு போவார் என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அதற்குள் மரகதம் முன்னால் வந்து, "எனக்கு நோவொண்ணுமில்லீங்க. பசிங்க" என்றாள்.

அந்த அம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் கட்டிக்கிட்டுப் போனப்ப கருப்புன்னு எங்க மாமியா ஊட்ல சொன்னாங்க. மஞ்சளையும் பயத்தமாவையும் போட்டுத் தேச்சுத் தேச்சு மூஞ்சியெல்லாம் புண்ணாப் போச்சு. எங்க அம்மாளுக்குக்கூடச் சொல்லல" என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். பிறகு மரகதத்தின் கையைப் பிடித்து, எதிர்க் கடைக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். ஜாக்கெட்டை நான் பிடிக்காமல் அப்படியே கொடுத்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன், இடுப்பில் ஊசி நூலோடுதான் போனேன். ஐந்து நாளில் உடம்பு எவ்வளவுதான் தேறும். பெண்ணறையில் உட்கார்ந்து, ஜாக்கெட்டைப் போட்ட மேனிக்கே பெரிய பெரிய கைத்தையலாக இரண்டு பக்கமும் ஓடவிட்டேன். "இதக் கத்தரியே போடாம இழுத்தா வந்துரும் சாமி. ஆடி நோம்பிக்கு வாரப்ப இந்தத் தையல் இருக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினேன். ஆடிக்கு அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கடைக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். கைத்தையலைக் காணோம். சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நான் துடைக்கவில்லை என்று சொல்லமாட்டேன்.

அதன் பிறகு என் கடையில் எண்ணைக் கத்தியது கிடையாது. ஒவ்வொருத்திக்கும் பழைய சேலைக் கரையில் கிழித்த ஒரு நாடா. உடம்பில் வைத்து, முடிகிற இடத்தில் ஒரு வெட்டு. தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, சுற்றுக்கு ஒன்று. நாடாவில் பெயர் உண்டு, எண் கிடையாது. சரோஜா நாடாவைத் துணிமேல் வைத்து, நாலு விரற்கடை விட்டு வெட்டுவாள். வேலை கொஞ்சம் மெதுவானது, கெட்டுப்போகவில்லை. ஆணியில் இருநூறு நாடா தொங்கும். எவள் பெருத்தாள், எவள் இளைத்தாள் என்று பெஞ்சில் யாருக்கும் தெரியாது. உங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, நாடா வேண்டாம். குரலை மட்டும் இறக்குங்கள்.

ஆனால் அந்த வழக்கத்தை ஒரே ஒரு தடவை மீறினேன்.

எண்பதுகளின் நடுவில் மரகதம் ஒரு நாள் வந்தாள். இரண்டு பிள்ளைக்குத் தாய், தலைமை ஆசிரியையாகிவிட்டாள். முகம் நிறைந்திருந்தது, தோள் இன்னும் அகலமாகியிருந்தது. பெஞ்சு நிறையப் பெண்கள். ஓரத்தில் கல்யாணம் நிச்சயமான ஒருத்தி மடியில் துணியை வைத்து, கையை வயிற்றுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மரகதத்தின் பழைய நாடாவை எடுத்தேன். சுற்றிப் பார்த்தால் முனை எட்டவில்லை. புது நாடாவுக்குக் கை நீட்டினேன்.

"நாடா வேண்டாங்க அக்கா. டேப்ப எடுங்க. அன்னைக்குக் கத்துனீங்களே, அப்பிடிச் சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.

"அந்தப் பழக்கத்த உட்டுப் பல வருசமாச்சு கண்ணு" என்றேன்.

"எனக்கு வேணுங்க. துணியளவு வேண்டாம், உடம்பளவு சொல்லுங்க" என்றாள். அவள் பார்வை ஒரு நொடி அந்த ஓரத்துப் பெண் மேல் போய் வந்தது. எனக்குப் புரிந்தது.

டேப்பைச் சுற்றினேன். எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தேன். மூச்சை இழுத்து, கரூர் பஸ்ஸின் ஹாரனைத் தாண்டிக் கேட்கும்படி, "உடம்புச் சுத்து நாப்பத்தி ரெண்டு" என்று கத்தினேன்.

சரோஜாவின் கத்தரி நின்றது. பெஞ்சில் யாரும் சிரிக்கவில்லை, மரகதம்தான் சிரித்தாள், வாய் விட்டு.

"எழுதிக்குங்க சரோசாக்கா. கொஞ்சம் லூசாவே வெட்டுங்க, எங்க ஊட்ல இன்னைக்கு விருந்து" என்றாள்.

ஓரத்தில் இருந்த பெண் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடுத்தது தன் முறை என்று எழுந்து வந்தாள்.